பதினோராவது பேர்

ஜூன் 7, சனி

இந்தக் கொப்பி உங்கள் கையில் கிடைத்தால், கும்பிட்டுக் கேட்கிறேன், யாருக்கும் காட்டாதீர்கள். நீங்கள் எங்கள் மாடியில் இருப்பவர் என்றால் இந்த வரியோடு மூடி வைத்துவிடுங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால் வேறு யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். வாசிக்கிறவர் உள்ளதை உள்ளபடி சொல்வார் என்று என்ன நிச்சயம்?

முன்பக்கத்திலிருந்து பார்த்தால் இது என் சிங்களப் பாடக் கொப்பி. நான் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மாடியில் என்னைத் தவிர யாரும் சிங்களம் படித்ததில்லை. அதனால் இதை யாரும் தொட மாட்டார்கள்.

என் பெயர் நிரோஷிகா. தரம் பத்து. எங்கள் லயம், தோட்டத்து வரிசை வீடு, மண்சரிவில் போய் நாலு வருடமும் ஒரு மாதமும் ஆகிறது. மூன்று மாதம் மட்டும் என்று சொல்லி எங்களை இந்த மூடிக் கிடந்த தேயிலை பெக்டரியின் மேல்மாடியில் கொண்டுவந்து விட்டார்கள். கொழுந்தை வாட்டுவதற்காகக் கட்டிய மாடி. நீளமான ஒரே அறை, இரண்டு பக்கமும் ஜன்னல். பதினொரு குடும்பம் இருக்கிறோம். தறப்பாளும் சேலையும் கட்டிப் பிரித்துக்கொண்டோம். யாருக்கும் கதவு கிடையாது. ஒரு வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் சேலைக்கு வெளியே நின்று கூப்பிட வேண்டும்.

இன்று டெரன்ஸ் சேர் வந்தார். கொழும்பில் இருந்து. இந்தக் கட்டடத்தைச் சுகாதார ஆராய்ச்சி நிலையமாக மாற்றப்போகிறார்களாம். தோட்டத்து ஆட்களுக்கு ஏன் இரத்தம் குறைகிறது, பிள்ளைகள் ஏன் நிறை குறைந்து பிறக்கிறார்கள் என்றெல்லாம் இங்கேயே ஆராய்வார்களாம். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "சரி, இப்போது எல்லாரும் பேர் குடுங்க" என்றார்.

எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் பெயர் மட்டும் அல்ல. ஒரு நாள் வேலைக்குக் கிடைக்கும் கூலியும் பேர்தான். சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். மழைக்கு வேலை நிறுத்தினால் பேர் இல்லை. டெரன்ஸ் சேர் தமிழ் ஆள்தான், ஆனால் கொழும்புத் தமிழ். அவருக்கு இது தெரியாது.

"எத்தன நாளைக்குப் பேரு சேர்?" என்று ராக்கு அத்தை கேட்டார். எங்களுக்குப் பக்கத்துத் தறப்பாள்காரர். அம்மா குவைத்துக்குப் போனதிலிருந்து எனக்குத் தலை வாரிவிடுவது அவர்தான்.

"எத்தனை நாளா? ஒரு தரம் குடுத்தா போதும் அம்மா."

"ஒரு தரம் குடுத்தா தெனமும் பேரா?"

அவர் சிரித்துக்கொண்டு, "ஆமாம், ஆமாம், எல்லாருக்கும்தான்" என்றார்.

மாடியில் விசில் பறந்தது. ஒரு வருடமாகத் தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. கட்டட வேலையில் எல்லாருக்கும் தினமும் பேர் என்றால் யார்தான் விசிலடிக்காமல் இருப்பார்கள்?

டெரன்ஸ் சேர் ஒரு தாளை எடுத்து, எழுதத் தெரிந்த பிள்ளை யார் என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். நான் பெயர்களை எழுதினேன். அவரவர் பக்கத்தில் கையொப்பம் போட்டார்கள். தெரியாதவர்கள் பெருவிரல் வைத்தார்கள். "மகளின் எழுத்து அச்சு மாதிரி" என்றார் சேர். தாளின் மேலே சிங்களத்தில் நாலைந்து வரி இருந்தது. எழுத்து பொடி. மழை இருட்டு வேறு. என்னால் வாசிக்க முடியவில்லை.

ஜூன் 9, திங்கள்

எல்லாருக்கும் முழுப்பேர் விழுந்தது.

ஜூன் 15, ஞாயிறு

கீழ்த்தளத்தில் வேலை நடக்கிறது. ஆண்கள் சுவர்ப் பூச்சை உடைக்கிறார்கள். பெண்கள் கொழுந்துக் கூடையிலேயே கல்லும் மண்ணும் அள்ளி வெளியில் கொட்டுகிறார்கள். கூடையின் கயிறு நெற்றியில் அதே இடத்தில்தான் கிடக்கிறது. எதைச் சுமந்தால் என்ன என்பது மாதிரி.

பலகைச் சுவரைப் பிரித்தபோது உள்ளே இருந்து தேயிலைத் தூள் கொட்டியது. எத்தனை வருடத்துத் தூளோ. எல்லாரும் தும்மினார்கள். ராக்கு அத்தை ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "எங்க அம்மா எடுத்த கொழுந்து. எனக்குன்னு ஒளிச்சு வெச்சிருக்கு பாரு" என்றார். அதைக் கொஞ்சம் முந்தானையில் முடிந்துகொண்டார். சாயங்காலம் கொதிக்க வைத்துக் குடித்துப் பார்த்தோம். மண் வாடைதான் அடித்தது.

மத்தியானம் வெள்ளை உடுப்பு போட்ட இரண்டு மிஸ் வந்து எல்லாருக்கும் இரத்தம் எடுத்தார்கள். நிலையம் திறப்பதற்கு முன்னமே ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. ராக்கு அத்தைக்கு இரத்தம் போதாது என்றார்கள்.

"போதாதுன்னு சொல்லிட்டு ஏன் மிஸ் உள்ளதையும் எடுக்குறீங்க?"

அந்த மிஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நாங்கள் சிரித்தோம்.

டெரன்ஸ் சேர் எங்கள் தறப்பாளுக்குள் எட்டிப் பார்த்தார். கம்பியில் தொங்கும் என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "வலயத்தில் இரண்டாம் இடமா! சிங்கள வாசிப்பிலா!" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். எனக்கு ஏனோ அந்தச் சான்றிதழைக் கழற்றி வைக்க வேண்டும் போல இருந்தது. கழற்றி வைத்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

அப்பாவைக் காவல்காரர் ஆக்கிவிட்டார்கள். பெரிய சாவிக்கொத்து, டோர்ச், மழைக்கோட்டு. கோட்டு முழங்கால் வரை வருகிறது. கீழே பெக்டரி ஒபிஸ் இருந்த காம்பராவை எங்களுக்குக் கொடுத்தார்கள். இன்று சாமான்களை இறக்கினோம்.

இங்கே கதவு இருக்கிறது. உள்ளே இரும்புத் தாழ்ப்பாள். நாலு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கதவைச் சாத்திவிட்டு உடுப்பு மாற்றினேன். அதற்கே அழுகை வந்தது.

அம்மா போனில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "டிசம்பர்ல வந்துருவேன் சாமி. வீடு குடுத்துட்டாங்களா? லிஸ்டுல பேர் இருக்கான்னு அப்பாவப் பாக்கச் சொல்லு." லயம் போனவர்களுக்குக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணியும் ஒரு வீடும் தருவதாக ஒரு லிஸ்ட் இருக்கிறது. நாலு வருடமாக இருக்கிறது. அப்பா அதைக் கேட்டுவிட்டுப் பதில் அனுப்பவில்லை. "காம்பரா கெடச்சிருக்குன்னு சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சாயங்காலம் ராக்கு அத்தை ரொட்டி கொண்டுவந்தார். வெளியே நின்று கூப்பிட்டிருக்கிறார். கதவு சாத்தியிருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. பிறகு ஜன்னலில் தலையை நீட்டி, "என்னா புள்ள, கதவு வந்ததும் காது போயிருச்சா? இனி தட்டித்தான் பேசணுமோ?" என்றார்.

"இல்லத்த, மழைச் சத்தம்."

"தட்டுறது எல்லாம் எனக்குப் பழக்கம் இல்லம்மா. நீ பேசாம தொறந்தே போட்டு வையி."

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

கீழே சுவரில் வரைபடம் ஒட்டியிருக்கிறார்கள். மேல்மாடியில் தறப்பாள்கள் இருக்கும் இடத்தில் குடும்பங்களுக்கென்று ஒரு கட்டமும் இல்லை. ராக்கு அத்தையின் அடுப்பு இருக்கும் இடத்தில் "இரத்த மாதிரிகள்: குளிரறை" என்று இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

வேலை கீழிருந்து ஒவ்வொரு மாடியாக மேலே ஏறுகிறது. கீழ்த்தளமும் நடுமாடியும் முடிந்துவிட்டன. வெள்ளை டைல்ஸ். அதில் நடந்து போக எல்லாரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

இன்று பழைய மரப் படிக்கட்டைப் பிரித்தார்கள். மேலே இருக்கும் ஆட்களே பிரித்தார்கள். அதற்கும் முழுப்பேர். இப்போது மேலே போக இரும்பு ஏணி ஒன்று சாய்த்திருக்கிறது. "நம்ம ஏறுற படிய நம்மளே ஒடைச்சுப் பேரு வாங்குறோம். இந்த மாதிரி வேல எங்கயாவது கெடைக்குமா?" என்று ராக்கு அத்தை கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் பாடசாலை விட்டு வந்து அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். நானும் சிரித்தேன்.

பிறகு மேலே இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கடிதம் வந்தது. சிங்களத்தில், அச்சில். எங்களுக்கு வரவில்லை. ராக்கு அத்தை ஏணியில் பிட்டத்தை முன்னால் விட்டு மெதுவாக இறங்கி, கடிதத்தை ஈரம் படாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"வாசிச்சுச் சொல்லு புள்ள. மத்தவங்களும் ஒன்னத்தான் கேக்கச் சொன்னாங்க."

எழுத்து பெரியதாகத்தான் இருந்தது. ஆகஸ்ட் பதினைந்தாம் திகதிக்கு முன் மாடியை விட்டுப் போய்விட வேண்டும். ஜூன் ஏழாம் திகதி கையொப்பமிட்டுக் கொடுத்த சம்மதப்படி.

நான் சொன்னது: "ஆகஸ்ட் பதினைஞ்சு வரைக்கும் மேல்மாடியத் திருத்தப் போறாங்களாம்."

"திருத்தட்டும், திருத்தட்டும். ஒழுகுற எடம் எல்லாம் நான் காட்டுறேன்னு சொல்லு." கடிதத்தை நாலாக மடித்து மறுபடி சட்டைக்குள் வைத்தார். என் கன்னத்தைக் கிள்ளி விரலை முத்தமிட்டுக்கொண்டார். "நீ ஒருத்தி படிச்சிருக்க, நாங்க பொழச்சோம்."

ஜூலை 9, புதன்

பாடசாலைக்குப் போகவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஒன்றை எழுத வேண்டும். இதை எழுதத்தான் இந்தக் கொப்பியைத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன். இத்தனை நாளாக வேறு வேறு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் ஏழாம் திகதி மழை இருட்டு இல்லை. மழை இரண்டு மணிக்குப் பிறகுதான் வந்தது. நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். எழுத்தும் அவ்வளவு பொடி இல்லை.

மூன்றாவது வரியில் "சிய கெமத்தென்" என்று இருந்தது. சொந்த விருப்பத்தோடு என்று அர்த்தம். அதற்கு அடுத்து "இவத் வீம". இவத் என்ற சொல் எனக்குத் தெரியும். எட்டாம் தரத்தில் சுத்தம் பற்றி ஒரு பாடம். குப்பை அகற்றல். குப்பைக்குப் பக்கத்தில் வந்த சொல் அது. அந்தப் பாடத்தைத்தான் வலயப் போட்டிக்கு மனப்பாடம் செய்து வாசித்தேன். எப்படி மறக்கும்?

பேனையை வைத்துவிட்டு டெரன்ஸ் சேரைப் பார்த்தேன். "சேர், இது வேலைக்கான லிஸ்ட் இல்லையே" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் குனிந்தார். நல்ல வாசனை அடித்தது அவர் சட்டையில். "மகள், அது எல்லாத் தாளிலும் இருக்கிற வசனம். வேலைக்கு என்று சொல்லுங்க. அவங்களுக்கு அதுதான் விளங்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பெரிய ஆளிடம் பேசுவது மாதிரி என்னிடம் பேசினார்.

அப்பா எனக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் கை என் தோளில் இருந்தது. நான் வாயைத் திறக்கப் போனபோது அந்தக் கை அழுத்தியது.

"என்னா புள்ள எழுதியிருக்கு?" என்று ராக்கு அத்தை கேட்டார்.

"வேலைக்குத்தான் அத்த. பேர் போடுறதுக்கு."

முதல் பெயர் அவருடையது. அவர் பெருவிரல் வைக்கவில்லை. கையொப்பம் போடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று போன வருடம் என்னைப் படுத்தினார். 'ரா' மட்டும் வரும், 'க்' புள்ளி எங்கே வைப்பது என்று மறந்துவிடும். அன்றைக்குப் புள்ளியைச் சரியாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

பத்துப் பெயர் எழுதினேன். பதினோராவதாக எங்கள் பெயரை எழுதப் போனேன். அப்பா, "நம்ம பேரு பொறகு பாத்துக்கலாம்" என்றார்.

பிறகு எழுதவே இல்லை.

இன்னொன்று. "எழுத்து அச்சு மாதிரி" என்று டெரன்ஸ் சேர் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூலை 18, வெள்ளி

நேற்று எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். கிழித்தால் முன்பக்கத்தில் சிங்களப் பாடத் தாளும் கழன்று வரும். மிஸ் கேட்பார்.

ஜூலை 26, சனி

தெரிந்துவிட்டது.

மாடியிலேயே இருக்கும் தோட்டத் தலைவர் மைக்கல் அங்கிள் சங்க வேலையாக டவுனுக்குப் போனவர், தனக்கு வந்த கடிதத்தை அங்கே போட்டோக் கொப்பி எடுக்கும் கடை அக்காவிடம் கொடுத்திருக்கிறார். அந்த அக்கா வாசித்துச் சொல்லியிருக்கிறார். அங்கிள் மழையோடு மழையாக ஓடிவந்து ஏணிக்குக் கீழே நின்று கத்தினார். எல்லாரும் இறங்கினார்கள். மேல்மாடி ஆட்கள் அத்தனை பேரும் புது டைல்ஸ் மேல் சேற்றுக் காலோடு நின்றதை இன்றுதான் பார்த்தேன்.

"மாடிய விட்டுப் போறது மட்டும் இல்ல. அன்னைக்குக் கையெழுத்துப் போட்ட தாளுல வீட்டு லிஸ்டும் வேணாம்னு நாமளே எழுதிக் குடுத்திருக்கோம்னு கடிதத்துல இருக்காம்" என்றார் அங்கிள்.

பிறகு ராக்கு அத்தை, "பேரும் போச்சு, பேர்ச்சும் போச்சு" என்றார். யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்ததற்காக அவரை இன்னொருவர் அடிக்கப் போனார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அங்கிள் கேட்டார்: "நிரோதானே வாசிச்சது? ரெண்டு தடவையும் அதுதானே?"

அப்பா எங்கே என்று பார்த்தேன். காணவில்லை.

ராக்கு அத்தைதான் பதில் சொன்னார். "அதுக்கு என்னா தெரியும்? சின்னப் புள்ள. எழுத்தும் சின்ன எழுத்து. சிங்களம் என்னா நம்ம வீட்டுப் பாசையா, பொறந்ததுலருந்து பேச? நீங்க இத்தன வருசம் தலைவரா இருக்கீங்க, ஒங்களுக்கு வாசிக்கத் தெரிஞ்சுச்சா?" பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "ஏய் புள்ள, ஒனக்கு ஒரு கண்ணாடி வாங்கிப் போடணும்டி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என்னைத் திட்ட வந்தவர்களும் சிரித்தார்கள்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

இரவு அப்பா வந்து சாப்பிடாமல் படுத்தார். மழைக்கோட்டைக் கழற்றவில்லை.

ஜூலை 31, வியாழன்

திங்கள் முதல் யாருக்கும் பேர் விழவில்லை. மாடி ஆட்களை வேலைக்கு எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். டைல்ஸ் பதிக்க வெளியிலிருந்து ஆள் வந்திருக்கிறார்கள். ஏணியை இரவில் எடுத்துவிடச் சொல்லி அப்பாவுக்கு உத்தரவு. அப்பா எடுக்கவில்லை. ஆனால் எடுத்ததாக டெரன்ஸ் சேரிடம் போனில் சொன்னார்.

ஆகஸ்ட் 2, சனி

சங்கத்தின் மூலம் கொடுத்த முறைப்பாட்டுக்கு விசாரணை புதன்கிழமை பத்து மணிக்கு. டவுனில் பெரிய ஒபிஸில். மைக்கல் அங்கிள் வந்து கதவுக்கு வெளியே நின்று அப்பாவிடம் சொன்னார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க சிவனு. தாளுல என்னா இருக்குன்னு ஜனங்களுக்குச் சொன்னாங்களா இல்லையான்னு. தெரிஞ்சே மறைச்சாங்கன்னா அந்தத் தாளு செல்லாது. லிஸ்டுல பேர் திரும்ப வந்துரும். புள்ளைக்கே தெரியலைன்னா, நீங்கதான் வேற ஆளக் கேட்டிருக்கணும்னு சொல்லி முடிச்சுருவாங்க. அதனால புள்ளைய அனுப்பு. உள்ளத உள்ளபடி சொல்லட்டும்."

"அதுக்கு என்னா தெரியும்?" என்றார் அப்பா. ராக்கு அத்தை சொன்ன அதே வார்த்தை. அப்பா சொன்னபோது வேறு மாதிரி இருந்தது.

அங்கிள் போன பிறகு அப்பா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அதைக் கிண்டிக்கொண்டே பேசினார். என்னைப் பார்க்கவில்லை.

"அம்மா டிசம்பர்ல வருது. வந்து எங்க படுக்கும்? தறப்பாளுக்குள்ளயா?"

நான் தட்டுகளை எடுத்து வைத்தேன்.

"அந்த லிஸ்ட நானும் நாலு வருசமாப் பாக்குறேன். வீடு வராது. யாருக்கும் வராது. வராத வீட்டுக்காக இருக்குற காம்பராவ விடச் சொல்றியா?"

"நம்ம பேரு மட்டும் ஏன் அந்தத் தாளுல இல்லப்பா?"

கரண்டி நின்றது.

"ஒனக்கு அன்னைக்கே வெளங்குச்சா?" என்று கேட்டார். அதுவரை அவர் கேட்டதே இல்லை. நானும் அவரிடம் கேட்டதில்லை. இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு எட்டு வாரம் கேட்காமல் இருந்திருக்கிறோம்.

"வெளங்குச்சு" என்றேன்.

அவர் சோற்றை வடித்தார். கஞ்சி கையில் பட்டது. உதறினார். பிறகு, "வெளங்கலைன்னு சொல்லிரு. பொய்யின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அந்தப் பொம்பளையே சொல்லிருச்சு, சின்னப் புள்ளைன்னு" என்றார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ராக்கு அத்தை கிணற்றடியில் என் தலைக்கு எண்ணெய் வைத்தார். நான் கேட்காமலே சொன்னார்: "புதன்கிழம பயப்படாத. தெரியலைன்னு சொல்லு, போதும். ஒன்னய ஏசினாங்கன்னா நான் இருக்கேன் அங்க."

"அப்புடிச் சொன்னா வீடு கெடைக்காதுத்த."

"அதுக்காக ஒன்னயப் பொய் சொல்லச் சொல்றதா? படிக்கிற புள்ள, ஒபிஸ்ல போயி பொய் சொல்லக் கூடாது."

அவர் சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சுருட்டித் துப்பிவிட்டு வீசினார். அவர் விரல் குளிர்ந்திருந்தது. இரத்தம் போதாது என்று அந்த மிஸ் சொன்னது ஞாபகம் வந்தது. நிலையம் திறந்ததும் அவருடைய இரத்தம் அவருடைய அடுப்படியில் குளிரறைக்குள் இருக்கும். அவர் எங்கே இருப்பார் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நாளைக்குப் பத்து மணி.

அப்பா காவலுக்குப் போய்விட்டார். போகும்போது என் பாடசாலைச் சீருடையை நாளைக்குப் போட வேண்டாம் என்றார். பிறகு போட்டுக்கொள் என்றார். பிறகு கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.

பின்னேரம் மைக்கல் அங்கிள் அந்தத் தாளின் போட்டோக் கொப்பியை எனக்குக் கொடுத்தார். வாசித்துப் பார்த்து வைக்கச் சொன்னார். என் எழுத்து. உண்மையாகவே அச்சு மாதிரிதான் இருக்கிறது. முதலாவது பெயருக்குப் பக்கத்தில் ராக்கு அத்தையின் கையொப்பம், புள்ளி சரியான இடத்தில்.

கொப்பியை மூடாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தத் தாளில் உள்ளதை இங்கே தமிழில் எழுதினேன். ஒரு சொல்லும் விடவில்லை. இதுதான்:

"கீழே பெயர் எழுதிக் கையொப்பமிட்டுள்ள நாங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் தற்காலிகமாக இருந்து வருகிறோம். எங்களுக்கு இருக்க வேறு இடம் உண்டு. எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் இங்கிருந்து அகலுகிறோம். காணியோ வீடோ இனிமேல் கேட்க மாட்டோம்."

விருப்பத்தின் பேரில். வேறு எப்படி எழுதிப் பார்த்தாலும் அந்தச் சொல் வந்துவிடுகிறது.

பத்துப் பெயர்களையும் வரிசையாக எழுதினேன். அதற்குக் கீழே இதை எழுதினேன்:

"இதை வாசித்து வேறு மாதிரிச் சொன்னவள் நான். ஜூன் ஏழில் ஒரு தடவை, ஜூலை எட்டில் ஒரு தடவை. இரண்டு தடவையும் எனக்கு விளங்கியது.

11. சிவனு நிரோஷிகா."

கையொப்பம் போட்டேன். இது அச்சு மாதிரி இல்லை.

வாயால் சொல்ல என்னால் முடியாது. அந்த ஒபிஸில் அப்பா ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பார். டெரன்ஸ் சேர் ஒரு பக்கம். எதிரே அத்தை. அதனால் கொப்பியைக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். முதல் பக்கத்தில் யாருக்கும் காட்டாதீர்கள் என்று கும்பிட்டு எழுதியிருக்கிறேனே. அதை அடிப்பதா, அப்படியே விடுவதா? அடித்தால் டிசம்பரில் அம்மா எந்தக் கதவைத் திறந்துகொண்டு

கதவைத் தட்டுகிறார்கள்.

அப்பாவிடம் சாவி இருக்கிறது. டெரன்ஸ் சேர் தட்டாமல்தான் திறப்பார். மாடி ஆட்கள் யாரும் தட்ட மாட்டார்கள், கூப்பிடுவார்கள்.

மறுபடியும். மூன்று தரம்.

"நிரோ. நான் ராக்கு. மைக்கலு எனக்கும் ஒரு தாளு குடுத்தாரு, டவுனுல அந்தக் கட அக்காகிட்டயே போய்க் கேட்டுட்டு வர்றேன். அந்த எழுத்து ஒண்ணும் சின்ன எழுத்து இல்லையாமே. நீ வாசிக்க வேணாம் புள்ள. கதவ மட்டும் தொற."

தாழ்ப்பாளை எடுக்கப் போகிறேன். கொப்பி என் கையில் இருக்கிறது.